இருபத்து நான்கு சொற்களை நான் பார்க்க மாட்டேன்

கம்ப்யூட்டர் கடையில் எல்லாவற்றையும் திறந்து கொடுப்பவள் கெட்டிக்காரி. ஒன்றைப் பூட்டிக் கொடுத்தால் திமிர் பிடித்தவள். மலேசியாவின் ஈப்போவில் கவுண்டருக்குப் பின்னால் நின்று இரண்டு பட்டமும் வாங்கியிருக்கிறேன். இந்த வேலை பார்ப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்களிடம் ஹார்ட்வேர் வாலட் கொண்டுவருவார்கள். பிட்காயினைப் பூட்டி வைக்கும், பென்டிரைவ் அளவுக் கருவி. முதல்முறை இயக்கும்போது அதன் திரையில் இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்கள் வரும். கருவி தொலைந்தாலும் அந்தச் சொற்கள் இருந்தால் பணம் திரும்பும். அடுத்தவர் கண்ணில் பட்டால் பணம் அவருடையது. ஓடிப்போய்ப் புகார் கொடுக்க பேங்க் கிடையாது.

சாப் இல்லாத காகிதம்

ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி ஒருவர், யாழ்ப்பாணப் பூர்வீகம், சொற்களை முத்து முத்தாக எழுதி முடித்தார். உடனே மூன்று ஃபோட்டோஸ்டாட் கேட்டார். அவற்றை லேமினேட் செய்ய வேண்டுமாம். அதற்கு முன் சத்தியப் பிரமாண ஆணையரிடம் கொண்டுபோய் சாப், அதாவது முத்திரை, குத்த வேண்டுமாம். நான் ஃபோட்டோஸ்டாட் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். அவருக்கு மனமே ஆறவில்லை. "முப்பது வருசம் கவர்மெண்டில இருந்தனான். சாப் இல்லாத கடுதாசிய எப்பிடிப் பிள்ளை நம்புறது?"

பாதி விலை

சுங்கை சிப்புட் ஊர் மணி அண்ணன் லாரி ஓட்டியவர். முதுகுவலி தாங்காமல் சொந்த லாரியை விற்று, மொத்தப் பணத்தையும் பிட்காயினில் போட்டிருந்தார். ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கிய வாலட்டோடு வந்தார். பெட்டிக்குள் இருபத்து நான்கு சொற்களும் அச்சடித்த அட்டை தயாராக இருந்தது. அச்சடித்தவனிடமும் அதே சொற்கள் இருக்குமே!

இதில் பணத்தை அனுப்பினால் அவன் எடுத்துக்கொள்வான், நான் தொட மாட்டேன் என்றேன். கடை முதலாளி முறைத்தார். மணி அண்ணன் வாசல்வரை போய்த் திரும்பினார். "எழுதுற வேலைய மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கான், ஒனக்கு ஏம்மா வலிக்குது? நான் வேற கடையில போட்டுக்கிறேன்லா."

ஐம்பது வெள்ளி

மறுவாரம் அவரே வந்து நின்றார். வேறு கடையில் அதே வாலட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் என் பேச்சு உறுத்தியதால் ஐம்பது வெள்ளி மதிப்புள்ள பிட்காயினை மட்டும் அனுப்பிப் பார்த்திருக்கிறார். காப்பி ஆறுவதற்குள் காணாமல் போய்விட்டது. நான் சந்தோஷப்படக் கூடாதுதான், பட்டேன். "அம்பது வெள்ளியோட போச்சும்மா. லாரி தப்பிச்சிருச்சு" என்றார்.

சுவரைப் பார்த்து ஒன்றரை மணி நேரம்

அடுத்த முறை மணி அண்ணன் கொண்டுவந்தது தயாரிப்பாளரிடமே நேராக வாங்கிய வாலட். தேடினால் மேலே வரும் விளம்பரம் போலியாக இருக்கலாம் என்று அதைத் தொட விடாமல், தயாரிப்பாளரின் இணைய முகவரியை அவர் விரலாலேயே தட்டவைத்து மென்பொருளை இறக்கினோம். சொற்கள் வந்தன. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மணி அண்ணன் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து வரைந்தார். வெளியே வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். "ரெண்டு நிமிஷ வேலை, நானே எழுதித் தர்றேன்" என்று முதலாளி வந்தார். நான் குறுக்கே நின்றேன். "நீங்க பாத்தீங்கன்னா நான் இப்பவே வேலைய விட்டுர்றேன்" என்றேன். அவர் போய்விட்டார்.

எழுதி முடித்ததும், எழுதியது சரிதானா என்று பார்க்க, கருவியில் இருந்ததை அழித்து, அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சொற்களைக் கருவியிலேயே திரும்பப் போடச் சொன்னேன், லேப்டாப்பில் அல்ல. திறந்தது. அதன் பிறகே லாரிப் பணம் உள்ளே போனது. காகிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள் அண்ணே என்றேன். அவர் சிரித்தார். "என் கையெழுத்த என் பொண்டாட்டியாலயே படிக்க முடியாது, திருடன் எங்கலா படிக்கப் போறான்?"

முதலாளி இன்றுவரை என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை, நானும் இன்றுவரை யாருடைய சொற்களையும் பார்க்கவில்லை. இரண்டில் எது முதலில் மாறும் என்று பந்தயம் கட்டுவதானால், நான் முதலில் பார்ப்பேன் என்று தயவுசெய்து கட்டாதீர்கள்.