பத்துக்கு எட்டு அறைக்கு ஒரு ரப்பர் பாய்

மலேசியாவில் கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த சலாவுதீன் முதலாளி கடையில் ரொட்டி சானாய் என்கிற மலேசியப் பரோட்டாவை வீசுகிறவர் ஷேக் தாவூது. தொண்டிக்காரர். பதினெட்டு வருஷத்தில் ஊருக்குப் போனது மூன்றே தடவை. பேச்சில் சிக்கனம், மனைவி சபுராவுக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் மனுஷன் தாராளம். கடைக்கு மேலேயே தனக்கென்று விசாலமான ரூம் இருப்பதாக எழுதிவிட்டார். ஒரு தடவையோடு விட்டிருந்தால் போகட்டும், வருஷா வருஷம் எழுதினார். எண்பத்திரண்டில் அவளிடமிருந்து பதில் வந்தது. மூன்று மாத விசாவில் கப்பலேறி வருகிறாளாம்.

அறை பத்தடிக்கு எட்டடி. அதில் நாலு பேர் படுத்தார்கள். முதலாளி நல்லவர். மற்ற மூவரையும் மூன்று மாதத்துக்குக் கீழே ஸ்டோருக்கு இறக்கிவிட்டார். ஆட்களை இறக்கலாம், சுவரை நகர்த்த முடியுமா? வாசலில் நின்று "இதுதானா?" என்று சபுரா கேட்டுவிடுவாளோ என்று தாவூதுக்குப் பயம். பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்தவள் முன்னால் பொய்யனாக நிற்க அவருக்கு மனமில்லை.

பெருநாளுக்குப் பெருநாள் இங்கே வீடுகளில் தரை முழுக்க மூடுகிற மாதிரி புது ரப்பர் பாய் விரிப்பார்கள். தரை மாறினால் வீடே மாறிப்போகும். அந்த நம்பிக்கையில் பாய் விற்கும் சீனன் ஆ செங் கடைக்குப் போய் அறையின் அளவைச் சொன்னார். சுருட்டி நிறுத்தியிருந்த பாய்களில் பெரிய சிவப்பு ரோஜா போட்டதைத் தொட்டார். முதலாளி வீட்டு ஹாலில் அதுதான் கிடக்கிறது.

"சின்ன ரூமுக்கு அது வேணாம் லா," என்றான் ஆ செங், பாதி மலாயும் பாதி தமிழுமாக. "பூதான் தெரியும், ரூம் தெரியாது."

அவன் இழுத்துப் போட்டது வெளிர் மஞ்சள். பூவில்லை, மெல்லிய கோடுகள் மட்டும்.

"இது என்ன, ஆஸ்பத்திரியா?"

"கோடு வாசல்லேருந்து சன்னலுக்கு ஓடணும். ஆறடி அகலம் இது. மிச்சம் ரெண்டடித் துண்டைச் சுவரோரமா விடு. ஒட்டு நடுவுல வந்தா ரூம் ரெண்டாயிரும்."

தாவூது அரை மனதோடு வாங்கி, மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் தனியாகவே விரித்தார். பெட்டிகளை மாடிப்படி ஓரம் தள்ளிவிட்டு வாசலில் நின்று பார்த்தார். அறை நிஜமாகவே பெரிதாகியிருந்தது. ஆ செங் கெட்டிக்காரன்தான். யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. கீழே மூன்று பேரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். 

கப்பல் வந்த அன்று மனைவியைக் கிள்ளான் துறைமுகத்திலிருந்து டாக்சியில் அழைத்து வந்தார். சபுரா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாள். சன்னல்வரை போய்த் திரும்பினாள்.

"பெருசாத்தான் இருக்கு," என்றாள்.

அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. பதினெட்டு வருஷமும் எழுதியே பழகிப்போயிற்று. கப்பல் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள், பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்கள்.

சபுரா நடுவில் காலை நீட்டினாள். தாவூது சுவரோரம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கைகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு படுத்தார். அவள் எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, இவ்வளவு இடம் கெடக்கே. ஏன் அப்படி ஒடுங்கிக்கிட்டுப் படுத்திருக்கீங்க?"

"பழக்கம்."

காலை நீட்டிப் பார்த்தார். கண் அசந்ததும் முழங்கால் தானாக மடங்கிவிட்டது.

"இங்கே எத்தனை பேர் இருந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நாலு பேரு," என்றார் கண்ணைத் திறக்காமல், அரைத் தூக்கத்தில்.

சபுரா தலையணையை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்திலேயே படுத்தாள். பக்கத்தில் ஆள் வந்தது தெரிந்ததும், தாவூது உறக்கத்திலேயே சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டி இடம் விட்டார்.