சைக்கிளின் இரண்டு பக்கக் குடங்கள்

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான் ஆகும். வாயில் வைத்தால் கரிக்கும். வேதாரண்யம் பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். குடிக்கிற தண்ணீர் தெருமுனைக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும். அம்மா சைக்கிள் கேரியரின் இருபுறமும் கயிற்றில் ஒவ்வொரு குடம் தொங்கவிட்டு, மணலில் உருட்டிக்கொண்டு வருவாள்.

இறக்கத்தான் இரண்டு பேர் வேண்டும். ஒரு குடத்தை முதலில் எடுத்தால் மற்றது சைக்கிளைத் தன் பக்கம் இழுத்துவிடும். அதனால் அடுத்த வாசலிலிருந்து சித்தி வந்து அந்தப் பக்கம் நிற்பாள். அம்மா "ம்" என்பாள். இரண்டு குடமும் ஒன்றாக எழும். சித்தியின் சைக்கிள் வந்தால் அம்மா போவாள். அந்த "ம்" தவிர இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வேலி தாண்டிய முருங்கைக் கிளையை யார் வெட்டியது என்பதில் வந்த சண்டை. அப்பாவும் சித்தப்பாவும் சிங்கப்பூரிலிருந்து போனில் மாறி மாறிச் சமாதானம் பேசியும் தீரவில்லை.

ஒன்பது வயதில் நான் அசல் அம்மா கட்சி. சித்தியின் தயவு நமக்கு எதற்கு என்று எனக்கு ரோஷம். ஒருநாள் அம்மா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கதவைத் திறக்கப் போன நேரம் பார்த்து, ஒரு குடத்தை அவிழ்த்து மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். சைக்கிள் மறுபக்கம் சாய்ந்தது. அதைப் பிடிக்கப் போய்க் கையிலிருந்ததையும் விட்டேன். இரண்டு நாள் தண்ணீரை மணல் ஒரு நிமிஷத்தில் குடித்துவிட்டது.

சித்திதான் முதலில் ஓடி வந்தாள். "கால்ல விழுந்துச்சா பாப்பா? காட்டு." பார்த்துவிட்டு உள்ளே போய், தன் குடம் ஒன்றைத் தூக்கி வந்து எங்கள் வாசலில் வைத்தாள்.

அம்மா என்னைப் பார்த்து, "நாளன்னிக்கு நெரப்பிக் குடுத்துடுறேன்னு சொல்லு" என்றாள். சித்தியும் என்னைப் பார்த்தே, "ஒண்ணும் அவசரமில்லன்னு சொல்லு" என்றாள். நடுவில் நின்ற எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது.

அடுத்த முறை தண்ணீர் வருவதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டேன். "அம்மா, சைக்கிள செவுத்துல சாச்சு வச்சா நீயே ஒண்ணொண்ணா எறக்கிடலாம்ல?"

சுவர் நாலடி தள்ளித்தான் இருந்தது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாய மூடிக்கிட்டு நில்லு" என்று சொல்லி, சைக்கிளை வாசலின் நடுவில் நிறுத்தி, மணியை இரண்டு தரம் அடித்தாள்.

சித்தி வந்துகொண்டிருந்தாள். இவ்வளவு சுலபமான விஷயம்கூட அம்மாவுக்குப் புரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.