லாட்ஜிலிருந்து கோட்டைக்கு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் மேல்தோல் தைத்தேன். லைனில் எனக்கு இரண்டு பக்கமும் உருது பேசும் பெண்கள். மிஷின் சத்தத்தையும் மீறி அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பாஷை எனக்கு ஒட்டிக்கொண்டது. கம்பெனியில் ஆர்டர் குறைந்து எங்கள் லைனை எடுத்தபோது, அந்தப் பாஷைதான் வேலூரில் எனக்கு அடுத்த வேலையை வாங்கிக் கொடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜ். வரவேற்பு மேஜையில் இந்தி தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். என் உருதுவை அவர்களும் இந்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் லாட்ஜுக்கு ஊர் சுற்ற யாரும் வருவதில்லை. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு ரயிலில் வருவார்கள். டெஸ்ட், ரிசல்ட், மறுபடி டெஸ்ட் என்று வாரக்கணக்கில் கிடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. இல்லாததால் கீழே பெஞ்சில் வந்து உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு வங்காளத்து அம்மா. ஐம்பதைத் தாண்டியவர். கணவருக்கு இதய ஆபரேஷன் ஆகவேண்டும். வார்டில் சாயங்காலம் மட்டும்தான் போய்ப் பார்க்கலாம். நான் அவரை தீதி என்று கூப்பிடுவேன், அக்கா என்பதற்கு அவர்கள் சொல். வந்து ஒன்பது நாளில் அவர் பார்த்தது லாட்ஜ் அறை, மருந்துக்கடை, ஆஸ்பத்திரி லிப்ட், இவ்வளவுதான். ஒரு ஞாயிறு அவர் என்னிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்: "இந்த ஊர்ல ஆஸ்பத்திரியைத் தவிர வேற ஒண்ணும் இல்லையா?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு காலையில் நானே கோட்டைக்கும் பஜாருக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலாளிக்கு விஷயம் போனது. "இன்னாமா, லாட்ஜ் நடத்துறோமா, டூர் நடத்துறோமா? வழியில யாராச்சும் மயங்கி உழுந்தா யார் பதில் சொல்றது?" என்றார்.

"என் டூட்டி பதினோரு மணிக்குதான் சார். அதுக்கு முன்னாடி மேஜைக்கு வந்துடுவேன்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வாரம் மூன்று தடவை அந்த வழியை நடந்து பார்த்தேன். கோட்டைக்குள் இருக்கும் கோயில் வாசலில் பூ விற்கிறவரிடம் கதை கேட்டேன். அங்கேயே இருக்கும் அருங்காட்சியகத்துப் பலகைகளை எழுத்துக்கூட்டி நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் பத்தாவதோடு நின்றவள். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

ஞாயிறு ஏழு மணிக்கு ஐந்து பேர் கிளம்பினோம். தீதி, அவர் பக்கத்து அறையில் தங்கியிருந்த இரண்டு பெண்கள், மகனின் சிகிச்சைக்காக அசாமிலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியார், நான். வாத்தியார் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர் என்பது நடக்கத் தொடங்கியபிறகுதான் தெரிந்தது. நோட்டை எடுத்து இன்னொரு தடவை புரட்டிக்கொண்டேன்.

கோட்டை அகழிப் பாலத்தில் நின்று முதலைக் கதையை ஆரம்பித்தேன். முதலைக்கு உருதுவில் என்ன என்று தெரியவில்லை. லைனில் யாரும் முதலையைப் பற்றிப் பேசியதே இல்லை. இரண்டு கையையும் நீட்டித் திறந்து மூடிக் காட்டினேன். தீதி, "குமீர்!" என்று சிரித்துவிட்டார். இந்தத் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் குமீர் இருந்ததாம், எதிரி இறங்கினால் எலும்புகூட மிஞ்சாதாம் என்று சொல்லி முடித்தேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்கு ஆதாரம் இருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லைனில் சூப்பர்வைசர் தைத்த மேல்தோலைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாரே, அதுபோல இருந்தது. கோட்டை மதிலைக் காட்டிச் சொன்னேன்.

"இந்த மதிலுக்கு ஆதாரம் இருக்கு மாஸ்டர், நீங்களே தொட்டுப் பாக்கலாம். முதலை ஊர்க்காரங்க சொல்றது. எது கதை, எது நெஜம்னு நான் ஒவ்வொரு எடத்துலயும் பிரிச்சுச் சொல்லிடறேன். ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்ப சரி, மேலே சொல்லுங்க" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

முயல் ஒன்று வேட்டை நாயைத் துரத்தியதைப் பார்த்து, வீரமுள்ள மண் இது என்று கோட்டை கட்டினார்கள் என்றேன், அது கதை. வெகுகாலம் சாமி இல்லாமல் இருந்த கோயிலுக்குள் ஊர் ஜனங்கள் மறைவாக லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்றேன், அது நிஜம். ஒரே தலையை யானையும் காளையும் பங்குபோட்டுக்கொண்ட சிற்பத்தை, ஒரு பக்கம் கையால் மறைத்து ஒவ்வொருவரையும் பார்க்க வைத்தேன். வாத்தியார் இரண்டு தடவை பார்த்தார்.

பிறகு லாங் பஜார். மஞ்சள், புளி, பூமாலை, பித்தளைக் குடம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். காய்கறிச் சந்தில் தீதி காணாமல் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் முள்ளுக் கத்திரிக்காய்க் குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். காம்பில் முள் குத்தக் குத்த ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறார். கடைக்கார அம்மா தமிழில் ஒரு விலை சொல்ல, தீதி வங்காளத்தில் மறுக்க, இரண்டு பேரும் விரலைக் காட்டிக் காட்டிச் சண்டை போட்டார்கள். நான் நடுவில் போகப் பார்த்தேன். கடைக்காரம்மா என்னைத் தடுத்தார்.

"நீ சும்மா இரும்மா. அவங்களுக்குக் காய் தெரியுது, நாங்க பேசிக்கிறோம்."

கடைசியில் விலையும் குறைந்தது, கொசுறாக இரண்டு பச்சை மிளகாயும் வந்தது. தீதி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது, இத்தனை நாளாக லிப்ட்டுக்குக் காத்திருந்த அந்த அம்மா இவர்தானா என்று இருந்தது.

பத்தே முக்காலுக்கு மேஜையில் இருந்தேன். மத்தியானம் லாட்ஜ் முழுக்கக் கடுகெண்ணெயில் கத்திரிக்காய் வறுபடும் வாசனை. தீதி தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து முதல் தட்டை முதலாளிக்கு வைத்தார். அவர் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரமும் போவீங்களா என்று என்னைக் கேட்டார்.

அந்த வாரம் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. சில வாரம் கழித்து, ஊருக்குக் கிளம்பும் முன் தீதி கணவரை மெதுவாக அகழிவரை நடத்திக்கொண்டு போனார். நான் பின்னால் நடந்தேன். வழி நெடுக தீதிதான் குமீர் கதையை அவருக்கு வங்காளத்தில் சொல்லிக்கொண்டு வந்தார்.

அதற்கெல்லாம் முன்னால், இரண்டாவது ஞாயிறு நான் படியிறங்கி வந்தால் வாசலில் பத்தொன்பது பேர் நிற்கிறார்கள். பாதிப் பேர் எங்கள் லாட்ஜே இல்லை. வாத்தியார் பக்கத்து லாட்ஜ்களுக்கெல்லாம் போய்ச் சொல்லியிருக்கிறார். முதலாளி தண்ணீர் பாட்டில் பெட்டியைத் தானே தூக்கிவந்து வைத்துவிட்டு, "பதினோரு மணினு ஓடி வராத. மேஜையை நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். பத்தொன்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். "வாங்க" என்று தமிழிலேயே சொன்னேன். எல்லாருக்கும் புரிந்தது.