பாதி முகத்துக்குக் கிரீம்

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடைசியாக நான் எழுதிய நீளமான விஷயம், ரேஷன் கார்டில் என் பெயரைத் திருத்தச் சொல்லிக் கொடுத்த மனு. அதையும் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அப்படிப்பட்டவள் புத்தகம் படிக்கிறவர்கள் முன்னால் வந்து நிற்பது அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முகத்துக்குத் தடவும் விலை உயர்ந்த கிரீம் அந்த விலைக்குத் தகுமா என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. முப்பது நாள் அதை என் முகத்தில் பாதிக்கு மட்டும் தடவினேன். மீதிப் பாதியைச் சும்மா விட்டிருந்தேன்.

என் தம்பிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. பங்குனியில் படவேட்டு அம்மன் கோயிலில் முடி இறக்குவதாக வேண்டுதல். அன்றைக்கு அத்தை முறைக்கு வெள்ளிக் கொலுசு நான் போடுவேன் என்று தம்பி பெண்டாட்டியிடம் நானே சொல்லியிருந்தேன். நான் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். அதனால் சொன்னதை எல்லோரும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

மாசி மாதத்தில் ஒருநாள், புளி விற்ற பணத்தைச் சுருக்குப் பையில் முடிந்துகொண்டு கொலுசு வாங்க மலையிலிருந்து ஜீப்பில் திருப்பத்தூருக்கு இறங்கினேன். நகைக்கடைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்ச்சி. காலில் பித்தவெடிப்புக்கு ஏதாவது களிம்பு கிடைக்கும் என்று நுழைந்தேன். அங்கே வேலை செய்யும் பெண், இருபத்து மூன்று வயது இருக்கும், என்னை அக்கா என்று கூப்பிட்டுச் சுற்றும் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்தாள். அப்படிப்பட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. விழுந்துவிடுவேனோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் என் புறங்கையில் எதையோ தடவினாள். மல்லிகையும் இல்லாமல் ரோஜாவும் இல்லாமல் ஒரு வாசனை. நல்லா இருக்கா அக்கா என்றாள், தலையாட்டினேன். மிருதுவா இருக்கா என்றாள், தலையாட்டினேன். பேக் பண்ணிடவா என்றாள். அதற்கும் தலையாட்டிவிட்டேன்.

நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே புரிந்தது. திரும்ப உள்ளே போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அந்தப் பெண்ணிடம் பேச வேண்டும். பேசுவதை விட ஜீப் ஏறுவது சுலபமாக இருந்தது.

வீட்டில் நான் எதையும் மறைக்க முடியாது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். என் வீட்டுக்காரர் அந்தக் கண்ணாடி டப்பாவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி சிரித்தார். சத்தம் கேட்டு என் ஓரகத்தி வந்துவிட்டாள். வீட்டுக்காரருக்கு அண்ணன் பெண்டாட்டி, பக்கத்து வீடு, எனக்கு அக்கா. அவளுக்குப் பேச்சு நிறைய, எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். பையைக் கவிழ்த்துப் பார்த்தவள், அதற்குள் கிடந்த அட்டை ஒன்றை எடுத்து என்னைப் படிக்கச் சொன்னாள். முப்பது நாளில் முகத்தில் மாற்றம் தெரியாவிட்டால், மீதிக் கிரீமோடு நேரில் வந்தால் பணம் வாபஸ் என்று போட்டிருந்தது.

முப்பதாவது நாளுக்கும் முடி இறக்கும் நாளுக்கும் நடுவில் ஐந்து நாள் இருந்தது. பணம் திரும்பி வந்தால் கொலுசு. வராவிட்டால், ஒன்பது வருஷம் காத்திருந்து பிறந்த குழந்தையின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு கோயிலில் நிற்க வேண்டும்.

மாற்றம் இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது என்று யோசித்தோம். முழு முகத்துக்கும் தடவினால், முன்னால் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். அதற்கு முந்தைய வருஷம் வேளாண்மை ஆபீசர் வந்து, எங்கள் நிலத்தில் பாதிக்குப் புதுச் சாமை விதை, பாதிக்குப் பழைய விதை போட்டு, நடுவில் கயிறு கட்டச் சொல்லியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது கணக்கு.

"அதே மாதிரி மூஞ்சியிலயும் பாதி போடு. மூக்குதான் வரப்பு" என்றார்.

அந்தச் சாமைப் பரிசோதனை கெட்டுப்போனதை அப்போது நாங்கள் இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை. புது விதை போட்ட பக்கம் புளியமரத்து நிழல் விழும் பக்கம். அறுப்புக்கு வந்த ஆபீசர் பயிரைப் பார்க்கவே இல்லை, மரத்தைத்தான் அண்ணாந்து பார்த்தார். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல், இது கணக்கில் சேராது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வலது கைக்கு வாகாக இருந்ததால் வலது கன்னத்துக்குத் தடவினேன். விடிந்ததும் ஒரு முறை, படுக்கும்போது ஒரு முறை. மூக்குத்தண்டில் விரல் வந்ததும் நிறுத்திவிடுவேன்.

அது புளி உடைக்கிற காலம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாறைமேல் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை உட்கார்ந்து, ஓட்டைத் தட்டி, கொட்டையை எடுத்துப் போடுவோம். காலையில் ஆரம்பித்தால் உச்சிவேளையில் பாறை சுடத் தொடங்கும், எழுந்துவிடுவோம். அவரவருக்கு என்று ஓர் இடம் உண்டு. கல்யாணமாகி வந்த வருஷம் எங்கே உட்கார்ந்தோமோ அதுதான் கடைசிவரை, யாரும் மாற்ற மாட்டார்கள். என் இடம் வடக்கு பார்த்தது.

ஓரகத்தி மறுநாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். யார் பார்த்தாலும் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்கிறவள் நான். இப்போது தினமும் பத்துப் பேர் என் மோவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்கள். முதல் வாரம் வெட்கத்தில் செத்தேன். இரண்டாவது வாரம் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சுருக்கம் விழுகிறதா என்று பார்க்க வேண்டுமாம், அதற்காகவே சிரிப்பு மூட்டினார்கள். ஒருத்தி, வலது பக்கம் இருந்து பார்த்தால் புதுப்பெண், இடது பக்கம் இருந்து பார்த்தால் மாமியார் என்றாள். இன்னொருத்தி, அப்படியானால் இரண்டு பேருக்கும் சண்டை வருமே என்றாள். அன்று புளியில் பாதி ஓடு தங்கிவிட்டது.

வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆபீசர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். நல்லா தூர் கட்டியிருக்குது என்பார். களை எடுத்தியா என்பார். எங்கள் ஆட்டுக்குட்டி வாசனைக்கு வந்து வலது கன்னத்தை மட்டும் நக்கும். பூச்சித் தாக்குதல் என்று அதையும் சேர்த்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அதைச் சொன்னால் இன்னும் பார்ப்பாரோ என்று நான் சொல்லவில்லை.

முப்பதாவது நாள் காலையில் எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுதான். எள்ளளவும் வித்தியாசம் இல்லை. பணம் வந்த மாதிரிதான் என்று ஓரகத்தி புடவை மாற்றிக்கொண்டு என்னோடு ஜீப்பில் ஏறினாள்.

கடையில் அதே பெண். அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் மரியாதையாக அதே நாற்காலியில் உட்காரவைத்தாள். எந்தப் பக்கம் தடவினீர்கள் என்று கேட்டாள். தொட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள், கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை என்று அவளே சொல்லி, பணம் திருப்பும் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடுகிறேன் என்றாள்.

"இந்தப் பக்கம் வெளிச்சம் ஜாஸ்தியா படுதுங்க அக்கா. கொஞ்சம் திரும்பி உக்காருங்க."

நாற்காலியைச் சுற்றிவிட்டாள். நான் சுற்றினேன். சுற்றும்போதே எனக்குப் பாறை தெரிந்தது, என் இடம் தெரிந்தது. வடக்கு பார்த்து உட்கார்ந்தால் கிழக்கு எந்தக் கைப்பக்கம்? முப்பது நாளும் காலை வெயில் முழுக்க வலது கன்னத்தில். இடது கன்னம் நிழலில். ஆபீசர் அண்ணாந்து பார்த்த அதே புளியமரத்துக் கதை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கக் குலுங்கியது. நாற்காலியும் கூடவே ஆடியது. பேசாமல் இருந்திருந்தால் சீட்டு முழுதாக எழுதி முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கடையில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் இவைதான்:

"இது வெயில் பக்கம்ங்க. இந்தப் பக்கம்தான் தெனமும் வெயில் அடிக்கும். அதுக்கே இது கறுத்திருக்கணும், கறுக்கல."

ஓரகத்தி என் இடுப்பைக் கிள்ளிய இடம் மூன்று நாள் கன்றிப்போயிருந்தது. கடைப்பெண் பேனாவை வைத்துவிட்டாள். அப்படியானால் கிரீம் வேலை செய்திருக்கிறதே அக்கா, வெயிலையே தாங்கியிருக்கிறதே என்று சந்தோஷமாகச் சொன்னாள். சுற்றி நாலைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தும் ஒரு முறை சொன்னாள். அவள் சொன்னது சரிதான். கொலுசு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஓரகத்தி ஒன்றும் சண்டை போடவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம் வந்திருந்தது, அதைத்தான் கேட்டாள்.

"இரும்மா. வெயில்ல கெடந்து இத்தத் தடவின பக்கமும், ஒண்ணுமே தடவாம நெழல்ல இருந்த பக்கமும் ஒண்ணாதான் கீது. அப்ப வெயிலுக்கு முதுகக் காட்டி ஒக்காந்திருந்தாலே போதுமே. அதுக்கு இன்னாத்துக்கு அஞ்சாயிரம்?"

பின்னால் நின்ற ஓர் அம்மா, கையில் அதே டப்பாவை வைத்திருந்தவர், அதை மெதுவாக அலமாரியில் திரும்ப வைத்தார். அவருடைய மகள் பக்கென்று சிரித்தாள். அது மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. ஓரகத்திக்குக் கூட்டம் கேட்பது தெரிந்ததும் உற்சாகம் வந்து, எங்கள் பாறையில் யார் யார் எந்தத் திசை பார்த்து உட்காருவார்கள் என்று விளக்க ஆரம்பித்தாள். என் மோவாயைப் பிடித்து அவர்களுக்கும் திருப்பிக் காட்டினாள். வெட்கமே இல்லாமல் நானும் திரும்பினேன்.

கல்லாவில் இருந்த மேனேஜர் எட்டிப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"அட்டையில வெயில் நெழல்னு ஒண்ணும் போடலியேம்மா. பணத்தக் குடுத்து அனுப்பிவிடு மொதல்ல" என்றார்.

நேரே நகைக்கடைக்குப் போய்க் கொலுசு வாங்கினோம். சலங்கை எத்தனை வேண்டும் என்று கேட்டார்கள். நிறைய என்று நானே சொன்னேன். திரும்பும் வழியில் ஜீப் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் என் மடியில் அது கிலுங்கியது, ஒவ்வொரு முறையும் ஓரகத்தி, கறுக்கல என்று என்னைப் போலவே சொல்லிக்காட்டினாள். ஜீப்பில் இருந்த மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாமல், எங்களைப் பார்த்தே சிரித்தார்கள். வீட்டில் வீட்டுக்காரர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, ஆபீசரைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார் என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

தகுமா என்றால், அது வேலை செய்யும் என்றுதான் நினைக்கிறேன். வாசனையும் நன்றாக இருந்தது, இப்போதும் சில நாள் விடியற்காலையில் கை தானாக வலது கன்னத்துக்குப் போகிறது. ஆனால் உட்காரும் இடத்தை மாற்ற முடிகிறவர்கள் முதலில் அதை மாற்றிப் பார்க்கலாம்.

கொலுசு வாங்கிய மறுநாள் புளி உடைக்கப் போனேன். கிழக்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் தன் புளிக்கூடையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.