யானைவெடி கொளுத்திய கை

லைஃப் ஜாக்கெட்டின் பட்டியை எங்கள் படகோட்டி ஒரு தரம் இழுத்துப் பார்த்துத் திருப்திப்படமாட்டார். விருந்தினருடையதை இழுப்பார், தன்னுடையதை இழுப்பார், படகில் ஏறிய பிறகு மறுபடியும் தன்னுடையதை இழுப்பார். வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். படகோட்டியே இப்படிப் பயந்தால் நாங்கள் எதை நம்பி ஏறுவது என்று என்னிடம் கேட்பார்கள். நான் அதைத் தமிழில் சொன்னால் அவருக்குக் கோபம் வராது. "எனக்குப் பயம்தான் தம்பி. அவங்களுக்கிட்ட அப்படியே செல்லுங்க" என்பார். நான் அப்படியே சொல்லமாட்டேன். பாதுகாப்பில் மிகவும் கவனமானவர் என்று ஆங்கிலத்தில் ஏதாவது சப்பைக்கட்டுக் கட்டிவிடுவேன்.

இறக்காமத்துக்கும் உள்ளே, காட்டோரக் குளம் ஒன்றின் நடுத்திடலில் இருக்கிறது எங்கள் விடுதி. நான்கு ஓலைக் குடில்கள், சமைக்க ஒரு குசினி, ஒரு படகு. விருந்தினரைக் கூட்டிவருவதும் யானை காட்டுவதும் என் வேலை. அவர் சாய்ந்தமருதுக்காரர், கடலில் வளர்ந்தவர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலைக்குப் பிறகு அவர் மீண்டும் கடலில் தோணி ஏறவில்லை. அலையில்லாத தண்ணீர் என்றால் சமாளிக்கலாம் என்று குளத்துக்கு வேலைக்கு வந்தார். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் காக்காதான், மூத்த அண்ணன் மாதிரி.

கோடையில்தான் எங்களுக்குச் சீசன். தெற்கே அலைச்சறுக்க வருகிறவர்கள் இடையில் ஒரு நாளை யானைக்கென்று ஒதுக்கிக்கொண்டு இங்கே வருவார்கள். அதே மாதங்களில்தான் சிறுபோக வயல்களுக்காக மடை திறந்திருக்கும். குளம் நாளுக்கு நாள் வற்றும். விடிந்ததும் படகுத்துறைப் பலகைகளைக் கழற்றி, முழங்கால் சேற்றில் நின்று, தண்ணீர் போன இடத்துக்கு இறக்கிப் போடுவோம். கரையில் புல் முளைக்கும், புல்லுக்கு யானை வரும். சில யானைகள் திடலுக்கே நீந்திவரும். விருந்தினர் கைதட்டுவார்கள், காக்கா ஓதத் தொடங்குவார்.

என் வீட்டார் வயல்காரர்கள். வீடு நிந்தவூரில், வயல் இறக்காமத்தில். பரணில் காவல் இருந்து வளர்ந்தவன் நான். யானை வயலுக்குள் இறங்கிவிட்டால் அதன் முதுகுப் பக்கமாகப் போய் வெடியை எறிய வேண்டும். அது முன்னால் ஓடும். முன்னால் காடு இருக்கும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, கை தானாகச் செய்யும். விடுதிக்கு வந்த பிறகும் என் பைக்குள் எப்போதும் ஒரு யானைவெடி கிடக்கும். காக்காவுக்கு அது கட்டோடு பிடிக்காது. "இது வயலில்ல தம்பி" என்று பல தரம் சொல்லியிருக்கிறார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். கொழும்பிலிருந்து வந்த கணவனும் மனைவியும், அவர்களுடைய ஆறு வயது மகளும் முன்பலகையில் இருந்தார்கள். காக்காவும் நானும் பின்னால், இயந்திரத்தடியில். காட்டுக்கரையிலிருந்து ஒரு தனியன் யானை நீந்தி வந்துகொண்டிருந்தது. தும்பிக்கை நுனியும் நெற்றியும் மட்டும்தான் தெரிந்தன. காக்கா இயந்திரத்தை நிறுத்தினார். "அதுட பாட்டுல போகட்டும். ஒருத்தரும் அசையாதீங்க" என்றார். யானை தலையைத் திருப்பியது. எங்களைப் பார்த்துத்தான் திரும்பியதா, சும்மா திரும்பியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பயத்தில் என் கை தானாகப் பைக்குள் போனது. லைட்டரைத் தட்டினேன், திரியில் வைத்தேன், யானையின் முதுகுக்கு அப்பால் வீசினேன். வெடித்த பிறகுதான் புத்தி வந்தது. யானையின் முதுகுப் பக்கம் காடு இருந்தது. முன்னால் நாங்கள் இருந்தோம்.

அது பிளிறிக்கொண்டு நேரே வந்தது. படகின் விளிம்பை உரசியபோது எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பிள்ளை தண்ணீருக்குள் போனாள். தாய் கத்திய கத்தல் இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரலை விரிக்க முடியவில்லை. காக்கா குதித்தார். கலிமாவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் படகின் மறுபுறம் இழுத்துக்கொண்டார். ஒரு முழத் தூரத்தில் யானையின் முதுகு கடந்து போனது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. கரையேறிய பிறகு காக்காவின் பற்கள் வெகுநேரம் அடித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் கல்முனையில், விடுதி முதலாளியின் கந்தோரில் விசாரணை. வெடி தலைக்கு மேலால் பின்பக்கமிருந்துதான் வந்தது என்று பிள்ளையின் தகப்பன் சொன்னார். அதற்கு மேல் அவர் பார்த்திருக்கவில்லை. முதலாளி காக்காவைப் பார்த்தார்.

"ஆரு கொளுத்தின?"

"நான் இல்ல."

"அப்ப ஆரு?"

காக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முதலாளிக்கு என்மேல் சந்தேகமே வரவில்லை. நான் ஆங்கிலம் கதைக்கிறவன், விருந்தினர் புத்தகத்தில் புகழ்ந்து எழுதப்படுகிறவன். காக்காவை அன்றே நிறுத்தினார்கள். தொழில் போய்விடும் என்று பயந்தேன், வழக்கு வரும் என்று பயந்தேன், வாப்பாவின் காதுக்குப் போகும் என்றும் பயந்தேன். யானைக்கு முன்னால் வந்த பயம் சில நிமிடங்களில் போய்விட்டது. இந்தப் பயம் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து, மனசு கேட்காமல் சாய்ந்தமருதுக்குப் போனேன். காக்கா இப்போது கரையில் நின்று கரைவலை இழுக்கிறார். பிளேன்டீ தந்தார். அந்தக் கொழும்புப் பிள்ளையின் சுகத்தைத்தான் முதலில் கேட்டார். நான் அழுதுகொண்டு உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் தம்பி. ஒங்கட கை என்ட தோளுக்கு மேலாலதானே போன."

"அப்ப ஏன் காக்கா முதலாளிக்கிட்ட செல்லல்ல?"

"நீங்க செல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்தன்." என் கையிலிருந்த வெறும் கோப்பையை வாங்கி வைத்தார். பிறகு, "என்னட்டச் செல்லி என்ன? அவருக்கிட்ட செல்லுங்க. வேலைக்காக இல்ல. பள்ளிக்குத் தொழப் போனா, 'யானைக்கு வெடி எறிஞ்சவர் வாறார்' எண்டு கதைக்கிறாங்க. என்ட மகன்ட காதுல விழுகுது" என்றார்.

"ஓம் காக்கா, செல்றன்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அப்படிச் சொல்லி நான்கு மாதமாகிறது. இந்த வருடச் சீசனும் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்ததும் முதலாளியின் கந்தோருக்குப் போகிறேன். குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அடுத்த கிழமை யார் யார் வருகிறார்கள் என்றெல்லாம் சொல்கிறேன். அவர் கேட்டுவிட்டு, "வேற என்னவும் இரிக்கா?" என்பார். இல்லை என்று சொல்லி எழுந்து வருகிறேன்.