கலெக்டர் பங்களா இசக்கி

2023ஆம் ஆண்டு மார்கழிப் பெருமழையில், இடுப்பளவு நீரில் நின்று நான் முதன்முதலாகக் கண்டபோது, இசக்கி கலெக்டர் பங்களாவின் கதவைத் திட்டிக்கொண்டிருந்தார். "தொறக்க மாட்டியோ? ஒனக்கும் கலெக்டருன்னு நெனப்பா?" தோளால் ஒரு முட்டு முட்டினார். கதவு திறந்தது. எங்கள் தெருவே அவர் பின்னால் மாடியேறியது.

ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆற்றையொட்டி நிற்கும் அந்த மாளிகை, பருத்தி வணிகர் ஒருவர் கட்டியது. பின்னர் நெடுங்காலம் உதவிக் கலெக்டர்கள் அதில் குடியிருந்தனர். இப்போது அரசின் பொறுப்பில் பூட்டிக் கிடக்கிறது. காவல், இசக்கி. கணவரை இழந்த அவருக்கு அந்த வேலைதான் சோறு. நாள்தோறும் சாளரங்களைத் திறப்பார். கிரீச்சிடுவதைப் "பைய, பைய" என்று தேற்றுவார். மாடிக் கூடத்தில் ஒரு தேக்கு நாற்காலி இருந்தது. மனுக் கொடுக்க வந்தவர்கள் அதன் எதிரே நின்றபடியேதான் பேச வேண்டும் என்பது அக்கால வழக்கம். கலெக்டர்கள் போன பிறகும் அதில் யாரும் அமர்ந்ததில்லை. இசக்கி மட்டும் அதைத் துடைக்கும்போது, வேலையில்லாத பெரியவரிடம் பேசுவதுபோல, "ஒக்காந்தே இரும்வே, ஒமக்கு என்ன சோலி!" என்பாராம்.

அன்று எங்களோடு ஸ்டெபி இருந்தாள். பிள்ளை பெற்று ஒரு வாரம். குளிரில் அவளுக்குப் பற்கள் கிட்டின. அரிசி இருந்தது, விறகெல்லாம் நனைந்திருந்தது. இசக்கி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அரிவாளை எடுத்தார்.

"எந்திரிம்வே, சோலி வந்துட்டு" என்றார், நாற்காலியிடம்.

அந்தத் தீயில் வெந்த கஞ்சியை நானும் குடித்தேன். எழுபத்தாறு வயதில் இதை எழுத நான் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெள்ளம் வடிந்ததும் விசாரணை வந்தது. "யார் உத்தரவுல தொறந்தே?" என்றார் அதிகாரி.

"தண்ணி யாரு உத்தரவுலய்யா வந்துச்சு?"

அதிகாரி சிரிக்கவில்லை. நாற்காலி போனதற்குத் தக்க விளக்கம் வராவிட்டால் வேலை போய்விடும் என்றார்.

தெரு கூடி முடிவு செய்தது. நாற்காலி கீழ்த்தளத்தில் இருந்ததாகவும், ஆற்று வெள்ளம் அதனைக் கொண்டுபோனதாகவும் ஆசிரியையாய் இருந்த நானே பிழையின்றி எழுதினேன். முதல் கையொப்பம் ஸ்டெபியுடையது. இசக்கிக்கு வாசித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டார். பிறகு என் பேனாவின் மூடியைத் தாமே கழற்றி, பேனாவை மறுபடி என் விரல்களில் வைத்தார்.

"ஆறு பாவம், டீச்சர். செய்யாததையும் அது தலையில போடாதிய. பிள்ளபெத்தவளுக்குக் கஞ்சி வைக்க நாந்தான் எரிச்சேன்னு எழுதிக் குடுங்க."