சாட்சிக் கையெழுத்து

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். புதுச்சேரி நெல்லித்தோப்பில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படியில், ஒரு புரட்டாசி சனிக்கிழமை காலையில் நடந்தது. விபத்தும் இல்லை, அதிசயமும் இல்லை. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இதையெல்லாம் ஒரு அனுபவம் என்று எழுதுவதா என்று இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகாதவள். காரணம் கேட்டவர்களுக்கு வருடத்துக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருகட்டத்தில் கேட்பவர்களே ஓய்ந்துபோனார்கள். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அம்மா பக்கவாதத்தில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். ஐந்து வருடம். அம்மா போனபிறகு அந்த மாடி வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும்தான் சத்தம் போடுவோம். கீழ்வீடு வீட்டுக்காரருடையது. அவர் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வருடத்தில் பாதி பிரான்ஸில் பிள்ளைகளோடு இருப்பார். அந்தப் பாதி வருடம் முழுக்கக் கீழே பூட்டுதான்.

நான் யாரிடமும் போய் நிற்கிற ஆள் இல்லை. இதை ஒரு பெருமையாகவே வைத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை தீர்ந்தால்கூடப் பக்கத்து வீட்டில் கேட்கமாட்டேன், சர்க்கரை இல்லாமல் குடிப்பேன்.

பொழுதுபோகாமல் இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் ஸ்டாக் போட்டோ பற்றித் தெரிந்தது. நாம் எடுக்கும் படங்களை ஒரு தளத்தில் ஏற்றிவைக்க வேண்டும். பத்திரிகைக்காரர்களும் விளம்பரக்காரர்களும் தேவைப்படுவதை விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். யாரையும் நேரில் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம். எனக்கென்றே கண்டுபிடித்த தொழில் என்று நினைத்தேன்.

என்ன கேமரா வாங்கலாம் என்று புகைப்படக்காரர்களின் குழு ஒன்றில் கேட்டேன். நாற்பது பேர் பதில் போட்டார்கள், நாற்பதும் வேறுவேறு. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா இல்லாவிட்டால் தொடவே தொடாதீர்கள் என்றார் ஒருவர். கேமராவில் காசைக் கொட்டாதீர்கள், லென்ஸ்தான் எல்லாம் என்றார் இன்னொருவர். கடற்கரை ஊராச்சே, லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், ஜாக்கிரதை என்று ஒருவர் பயமுறுத்தினார். ஒரே ஒருவர் மட்டும், ‘நீங்கள் எதை எடுக்கப் போகிறீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தார். அதை நான் யோசித்திருக்கவே இல்லை.

கடைசியில் பழைய கேமரா ஒன்றும், ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றும், கேமராவை நிறுத்திவைக்க ஒரு டிரைபாடும் வாங்கினேன். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிற லென்ஸ் மலிவாகவே கிடைத்தது, வேண்டாம் என்றுவிட்டேன். வீட்டுக்குள் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் எடுக்க வருமா என்று மட்டும்தான் பார்த்தேன். வெளியே போகப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஆனாலும் ஊர் வழக்கத்தை விடாமல் ஒருநாள் பழைய பிரெஞ்சுக் குடியிருப்பான ஒயிட் டவுனுக்குப் போய் மஞ்சள் சுவரையும் காகிதப் பூவையும் எடுத்து ஏற்றினேன். உலகத்தில் அதை எடுக்காத கேமரா கிடையாது என்பது ஏற்றியபிறகுதான் தெரிந்தது. ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடக்கிறது. என் படங்களைச் சீண்ட நாதியில்லை. பிறகு வீட்டில் இருப்பதை எடுக்க ஆரம்பித்தேன். உரித்த பூண்டு, குக்கர் விசில், அம்மாவின் வாக்கர், கிழமை கிழமையாக மாத்திரை போட்டுவைக்கும் டப்பா. மாத்திரை டப்பா விற்றது! எந்த நாட்டிலோ யாரோ அதை வாங்கினார்கள். அன்றைக்கு வீட்டுக்குள் சத்தமாகச் சிரித்தேன், பங்குபோட ஆள் இல்லாததால் சீக்கிரமே நின்றுவிட்டது.

ஒரு வருடத்தில் முந்நூறு படம் சேர்ந்தது. தளத்திலிருந்து வரும் மெயில்கள்தான் எனக்கு வந்த கடிதங்கள். ‘ஃபோகஸ் சரியில்லை’, ‘வெளிச்சம் போதாது’ என்று நிராகரித்துத்தான் எழுதுவார்கள். அதையும் ஆசையாகப் படிப்பேன். என் பெயரைப் போட்டு ஒருவர் எழுதுகிறாரே, அது போதும்.

அப்போது தளத்திலிருந்து எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. எந்த மாதிரிப் படங்களைத் தேடுகிறார்கள், எது குறைவாக இருக்கிறது என்று ஒரு பட்டியல். அதில் ஒரு வரி: நடுத்தர வயது இந்தியப் பெண், வீட்டில், தனியாக. யாரோ என் வீட்டுக்கு வழி கேட்பதுபோல் இருந்தது.

டிரைபாடை நிறுத்தி, டைமர் வைத்து, என்னையே எடுத்தேன். ஜன்னல் பக்கம் டீ குடிப்பது, ஒற்றைத் தட்டில் சாப்பிடுவது, துணி மடிப்பது என்று பதினொரு படம். பன்னிரண்டாவதில் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைப் பாதி பொத்திக்கொண்டு அழுவதுபோல் எடுத்தேன். நல்ல நடிப்பு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பன்னிரண்டும் திரும்பி வந்தன. முகம் தெரிகிற படம் என்றால் அந்த முகத்துக்கு உரியவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பாரம் வேண்டுமாம். எடுத்தவளும் நானே, படத்தில் இருப்பவளும் நானே என்றாலும் வேண்டுமாம். சரி, போட்டால் போயிற்று என்று பாரத்தை எடுத்தேன். கீழே இன்னொரு இடம் இருந்தது: சாட்சி. நான் கையெழுத்துப் போடுவதை நேரில் பார்த்த இன்னொருவரின் பெயர், முகவரி, கையெழுத்து.

மூன்று நாள் அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனில் இருநூற்றுச் சொச்சம் நம்பர் இருந்தது. கேஸ் ஏஜென்சி, ஏசி மெக்கானிக், அம்மாவுக்குப் பிசியோதெரபி செய்தவர், எப்போதோ கூட வேலை பார்த்தவர்கள். ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து என் எதிரில் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லி யாரைக் கூப்பிட முடியும்? ஒருவரைக்கூட முடியாது என்று தெரிந்தபோது பயமாக இருந்தது. அதுவரை நான் தனியாக இருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு யாருமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் நான் செய்ததைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. சாட்சி என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதி, அம்மாவின் கையெழுத்தை நானே போட்டேன். எட்டாம் வகுப்பில் ரேங்க் கார்டில் போட்டுப் பழகிய கையெழுத்துதான். அன்றும் மாட்டினேன், இந்த முறையும் மாட்டினேன். நான்காம் நாள் மெயில் வந்தது. இரண்டு கையெழுத்தும் ஒருவரே போட்டதுபோல் தெரிகிறது, ஏழு நாளுக்குள் முறையான பாரம் வராவிட்டால் உங்கள் கணக்கு மூடப்படும் என்று எழுதியிருந்தார்கள். முந்நூறு படமும் போய்விடும். எனக்குக் கடிதம் எழுதுகிற ஒரே ஆளும் போய்விடுவார்.

செத்துப்போனவளைப் பொய்ச்சாட்சிக்கு இழுத்திருக்கிறேன் என்பது அதைவிட அதிகமாகக் குடைந்தது.

ஆறு நாள் ஓடிவிட்டது. ஏழாம் நாள்தான் அந்தச் சனிக்கிழமை. காலையில் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு பிரதி எடுத்தேன். அங்கேயே ஒன்றில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கடைக்காரரிடம் சாட்சிக்குக் கேட்டேன். வாழ்க்கையில் நான் ஒருவரிடம் நேரில் போய்க் கேட்ட முதல் உதவி. “தப்பா நினைச்சுக்காதீங்க மேடம், எதுல போட்டேன்னு நாளைக்கு வம்பு வரும்” என்று அவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. முகம் எரிய வீட்டுக்கு நடந்து வந்தேன்.

மாடிப்படியில் மீன்கார அக்கா உட்கார்ந்திருந்தார். கடலோரப் பிள்ளைச்சாவடியிலிருந்து கூடையோடு வருபவர். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழக்கம். அம்மா இருந்தவரை பத்துப் பன்னிரண்டு வருடம் அவரிடம்தான் வாங்கினோம். அம்மா போனபிறகு நான் நிறுத்திவிட்டேன். ஒரு கூறு மீன் ஒருத்திக்கு அதிகம். பாதி கொடுங்கள் என்று கேட்கக் கூச்சம். அவர் குரல் கேட்டால் உள்ளேயே இருந்துவிடுவேன்.

“யாவாரம் படுத்துடுச்சும்மா, புரட்டாசி சனிக்கெழம. செத்த நெழல்ல குந்திட்டுப் போறேன்” என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, “ஒன்ற வருசமா வேற ஆளாண்ட வாங்கற இல்ல? நான் இன்னா தப்பு பண்ணேன்?” என்று கேட்டார்.

அவர் ஒன்றரை வருடமாக என்மேல் கோபமாக இருந்திருக்கிறார்! என்மேல் கோபப்பட ஒரு ஆள் இருந்தது எனக்குத் தெரியாது. ஒரு கூறு அதிகம், அதுதான் என்று உளறினேன். “பாதி குடுன்னா குடுத்துட்டுப் போறேன். அதுக்கு மூஞ்சி காட்டாம இருப்பியா?” என்றார்.

எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, கையிலிருந்த பாரத்தை நீட்டி, ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றேன். போலீஸ் கேஸா என்றுதான் முதலில் கேட்டார். விளக்கினேன். குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து காகிதத்தை வாங்கினார்.

“இது இன்னா, நீ மின்னாடியே போட்டுட்டியே. நீ போட்டத நான் பாக்கலியே. பாக்காதத பாத்தேன்னு எப்பிடிப் போடறது?”

எனக்குச் சுரீரென்றது. அவருக்கு என் பழைய கதை எதுவும் தெரியாது. இன்னொரு பிரதியை எடுத்தேன். அப்போதும் விடவில்லை. ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல் என்றார். சொன்னேன். இந்தப் படங்களில் இருப்பது நான்தான், இவற்றை யாரும் வாங்கலாம், எங்கேயும் போடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை என்று.

“யாரு வேணா வாங்குவானா? எங்க வேணா ஒட்டுவானா?” அவர் முகம் மாறிவிட்டது. “நீ நல்லா யோசிச்சுத்தான் போடறியா? ஊட்டுல யாரையாவது கேட்டியா?”

கேட்பதற்கு யாரும் இல்லை என்று சொன்னேன். அதை முதன்முதலாக அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. “சரி, அதான் என்னியக் கேட்டுட்ட இல்ல? படத்தக் காட்டு” என்றார்.

போனில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். துணி மடிக்கிற படத்துக்கு, “பொடவ நல்லாருக்கு” என்றார். ஒற்றைத் தட்டுப் படத்தைப் பார்த்து, “கொயம்பு இல்லாம வெறுஞ்சோறா?” என்று கிண்டல் செய்தார். நானும் சிரித்துவிட்டேன். பன்னிரண்டாவது படம் வந்ததும் போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“இத்த விக்காத.”

அது நடிப்புதான் அக்கா, அதற்குத்தான் நல்ல கிராக்கி என்றேன்.

“மத்ததுல எல்லாம் நீ சும்மா நடிக்கற. இதுல அழுவற. இத்தப் போயி எவனோ கடையில ஒட்டறதா? எடுத்துடு. எடுத்தாதான் போடுவேன்.”

அந்தப் படத்தை எடுத்தபோது நான் உண்மையில் அழுதேன் என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. டைமர் அடங்கி, கேமரா அணைந்தபிறகும் கட்டிலில் அப்படியே கிடந்திருக்கிறேன். அதை நடிப்பு என்று பெயர் வைத்துக் கடந்துவந்திருக்கிறேன். படிக்கட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் கூடை மீனில் ஈ மொய்க்காமல் ஈரச்சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நான் முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்.

பாரத்தில் பன்னிரண்டாவது படத்தின் எண்ணை அடித்துவிட்டு, அவர் கண்முன்னால் என் கையெழுத்தைப் போட்டேன். பேனா நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். சாட்சியின் பெயர் என்ற இடத்தில் நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு, “உங்க பேர் என்னக்கா?” என்று கேட்டேன். பத்துப் பன்னிரண்டு வருடம் மீன் வாங்கியிருக்கிறேன், பெயர் தெரியாது. சொன்னார். அவர் முகவரியை நான் எழுத, கீழே அவர் தமிழில் எழுத்துக்கூட்டி, அழுத்தி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தின் ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டு ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதினொரு படமும் ஏற்கப்பட்டன. கணக்கும் தப்பியது. படங்கள் அவ்வப்போது விற்கின்றன, எந்த நாட்டில் எந்தச் சுவரில் நான் டீ குடித்துக்கொண்டிருக்கிறேனோ தெரியாது. பன்னிரண்டாவது என்னிடமே இருக்கிறது.

என் வாழ்க்கை ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. கீழ்வீட்டில் இன்னும் பாதி வருடம் பூட்டுதான், வீட்டில் சத்தம் இன்னும் ஃப்ரிட்ஜுடையதுதான். சில நாட்கள் பொழுது போகவே போகாது. ஆனால் ஒரு கையெழுத்துக்கு முன்னால் ‘நல்லா யோசிச்சுத்தான் போடறியா’ என்று என்னை நிறுத்திக் கேட்க ஒருவர் இருந்த அந்தக் காலைக்குப் பிறகு, எனக்கு யாருமில்லை என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வருவதில்லை.